அச்சில் இல்லாத போர்கள்

நம் சிறுபத்திரிகைப் புத்தகங்கள் காசில்லாமல் அச்சிலிருந்து மறைகின்றன. மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டின் விதிநூல்கள் பல சமயம் காசுக்காகவே மறைக்கப்படுகின்றன. விதிநூலை ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்கமாட்டார், பொம்மையைத்தான் வாங்குவார். 1983-இல் இங்கிலாந்தில் ‘வார்ஹாமர்’ வந்ததே பொம்மை விற்க. விதி பழசானால்தான் புதுப் படை போணியாகும். கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனி அந்த ஆட்டத்தை 2015-இல் நிறுத்தியது. 2024-இல் ‘ஓல்ட் வேர்ல்டு’ என்று திரும்பக் கொண்டுவந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனித் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாடலின் அச்சு தேய்ந்திருக்காது, தைத்த கையும் அங்கேதான் இருக்கும். சீசன் போச்சு, ஆர்டர் போச்சு.

ஆடுபுலியும் போர் விளையாட்டுதான். மூன்று புலி, பதினைந்து ஆடு, தரையில் கரிக்கோடு. புலி தாண்டி வெட்டும். ஆடு வெட்டமுடியாது, சேர்ந்து நின்று மடக்கும். (ஆட்டுத்தோலை நம்பிப் பிழைக்கும் ஊரில் இதை யோசிக்கலாம்.) இதன் விதி யாருடைய சொத்தும் இல்லை, அதனால் நிறுத்திவைக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. உடனே ‘வாய்மொழி மரபு அழியாது’ என்று நாட்டார் வழக்காற்றுப் பெருமை பேசக் கிளம்பிவிடுவார்கள். ஆடுவதற்கு ஆள் வேண்டாமா? ஓவர்டைம் முடித்து ஷிப்ட் பஸ்ஸில் வீடு திரும்புகிறவருக்கு எதிரே உட்கார ஆளும் இல்லை, பொழுதும் இல்லை.