ரஸாவின் கண்காட்சிகள் கூறும் கதை

ஓவியர் ஒருவரைப் பற்றிய நூலின் கடைசிப் பக்கங்களில் அச்சிடப்பெறும் கண்காட்சிப் பட்டியலை நம்மில் பெரும்பாலோர் படிப்பதில்லை. ஆண்டு, ஊர், அரங்கு எனச் சிறிய எழுத்தில் நிரலாகக் கிடக்கும் அவ்வரிகள் உயிரற்றவை எனத் தோன்றும். ஆயினும், ஒரு கலைஞரை யார் முதலில் கண்டுகொண்டார், எந்த ஊர் அவரை நெடுங்காலம் காணாதிருந்தது என்பதை அவ்வரிகளைப் போல் நேர்மையாகச் சொல்வது வேறொன்றில்லை. ஒரு செய்தி வந்தடைந்தால், அதை யார் யாரிடமிருந்து கேட்டார் எனத் தொடரை ஆராய்ந்த பின்னரே ஏற்பது நம் முன்னோர் வகுத்த அறிவுநெறி. ஓவியத்துக்கு அத்தகைய தொடராக அமைவது அதன் கண்காட்சி வரலாறு. ஸையித் ஹைதர் ரஸாவின் (1922–2016) கலையை இவ்வழியில் நோக்குவது பயனுடையது.

ரஸாவைப் பற்றி வழங்கும் கதை எளியது. இந்தியாவில் பிறந்தார், பிரான்ஸ் சென்று பிரெஞ்சுக்காரரைப் போல் வரைந்தார், முதுமை நெருங்கியபோது ‘பிந்து’ என்னும் புள்ளியைக் கண்டு இந்தியரானார். கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் அவர் எந்த ஆண்டில் எந்த ஓவியத்தை எங்கே வைத்தார் என்று வரிசையாகப் பார்த்தால், இக்கதை நிற்பதில்லை. தொடக்கம் முதல் இறுதிவரை அவர் நிலத்தையே வரைந்தவர் என்பது புலனாகும்.

இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மண்டலா மாவட்டத்தில், பாபரியா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் வனத்துறை அலுவலர். காட்டின் இரவு தந்த அச்சமும், விடியலில் மீண்ட தைரியமும், சந்தை நாளின் வண்ணங்களும் தம்மை விட்டு நீங்கவில்லை என்று அவர் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். நாக்பூர்க் கலைப்பள்ளியிலும், பின்னர் பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியிலும் பயின்றார். 1946-இல் பம்பாய்க் கலைச் சங்கத்தின் அரங்கில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தது. வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது. 1948-இல் அதே சங்கம் தங்கப் பதக்கம் அளித்தது. மழையில் நனைந்த பம்பாய்த் தெருக்களையும் கட்டடங்களையும் நீர்வண்ணத்தில் விரைந்து தீட்டிய ஓவியங்கள் அவை. ஒளியைப் பிடிக்கும் கை அப்போதே இருந்தது, கட்டுக்கோப்புதான் இல்லை.

அக்குறையை ஒருவர் எடுத்துச் சொன்னார். 1948-இல் காஷ்மீரில் அவரைச் சந்தித்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன், ஓவியமும் ஒரு கட்டடத்தைப் போல் எழுப்பப்பட வேண்டியது என்று சுட்டிக்காட்டி, செஸானின் ஓவியங்களைப் பயிலுமாறு கூறினார். ரஸாவின் பயணத் திசையை அறுதியிட்ட சொல் அது.

அந்த ஆண்டுகள் அவருக்குத் துயரமானவை. 1947-இல் தாயாரையும் 1948-இல் தந்தையாரையும் இழந்தார். நாடு பிரிந்தபோது உடன்பிறந்தார் பாகிஸ்தான் சென்றனர்; ரஸா செல்லவில்லை. சிறுவயதில் மண்டலாவில் காந்தியடிகளைக் கண்ட நினைவே தம்மை இம்மண்ணில் நிறுத்தியது என்பது அவர் கூற்று. ஸூஸா, ஹுஸைன், ஆரா முதலியோருடன் சேர்ந்து 1947-இல் அவர் தோற்றுவித்த முற்போக்குக் கலைஞர் குழு, 1949-இல் பம்பாயில் கண்காட்சி நடத்தியது. அடுத்த ஆண்டு பிரெஞ்சு அரசின் உதவித்தொகை பெற்று ரஸா பாரிஸுக்குக் கப்பலேறினார்.

1952-இல் பாரிஸின் ஸேன்-பிளஸீத் கலைக்கூடத்தில் ஸூஸா, அக்பர் பதம்ஸீ ஆகியோருடன் அவருடைய ஓவியங்கள் வைக்கப்பெற்றன. அக்காலத்து நகரக் காட்சிகளைக் காண்பவர் திடுக்கிடுவர். பம்பாயின் ஈரமும் நெரிசலும் மறைந்துவிட்டன. சதுரமும் முக்கோணமுமாக வெட்டி நிறுத்திய வீடுகள். அவற்றிடையே ஒரு மனிதரும் இல்லை. சில ஓவியங்களில் வானத்தில் கறுத்த ஞாயிறு தொங்குகிறது. கார்த்தியே-பிரெஸ்ஸோன் கேட்ட கட்டுக்கோப்பு வந்துவிட்டது. ஆனால் வீட்டை இழந்தவன் வரைந்த வீடுகளாகவே அவை நிற்கின்றன. பிரெஞ்சு ஊர்களின் பெயர்களைத் தாங்கிய அவ்வோவியங்களில் 1947-இன் வெறுமையையும் நான் காண்கிறேன்.

1956-இல் பாரிஸின் கலை விமர்சகர்கள் வழங்கும் ‘பிரீ த லா கிரித்தீக்’ பரிசு ரஸாவுக்குக் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதன்முறை. அவ்வாண்டே வெனிஸ் கலைவிழாவிலும் அவர் படைப்புகள் இடம்பெற்றன. அடுத்த பத்தாண்டுகளில் லாரா வின்ஸி கலைக்கூடம் அவரைத் தொடர்ந்து காட்சிப்படுத்தியது. இப்போது வண்ணம் தடித்தது. வீடுகளின் கோடுகள் கரைந்தன. ஊர் இருந்த இடத்தில் தீயும் இருளும் வந்தன. 1962-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் வருகைதரு ஆசிரியராக இருந்தபோது, ராத்கோ முதலிய அமெரிக்க ஓவியர்களின் விரிந்த வண்ணப் பரப்புகளை நெருங்கிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. விரைந்து உலரும் அக்ரிலிக் வண்ணத்துக்கு அவர் மாறியது இதன் பின்னரே. மாற்றம் பொருளில் மட்டுமன்று. நிலத்தைத் தொலைவில் நின்று பார்த்தவர், இனி நிலத்துக்குள் நின்று வரையலானார்.

ரஸாவின் உச்சம், என் மதிப்பீட்டில், 1970-களின் தொடக்கம் முதல் 1983 வரையிலான காலம். ‘தபோவன்’ (1972), ராஜஸ்தானைப் பற்றிய ஓவியங்கள், இரண்டு மீட்டர் சதுரமான ‘ஸௌராஷ்டிரா’ (1983) ஆகியவை அக்காலத்தவை. பாரிஸ் கற்பித்த கட்டுக்கோப்பும் மண்டலாக் காட்டின் இரவும் இவற்றில் ஒன்றையொன்று விழுங்காமல் சேர்ந்து நிற்கின்றன. கறுப்பின் ஆழத்திலிருந்து செம்மையும் மஞ்சளும் எழும்போது, அச்சத்திலிருந்து விடியலுக்கு வரும் சிறுவனை நாம் காண்கிறோம்.

‘பிந்து’ ஓவியங்கள் இவற்றைத் தொடர்ந்து வந்தவை. அப்புள்ளிக்கு இந்தியத் தத்துவ மரபிலிருந்து பொருள் கொண்டதாக ரஸாவே கூறினார். முஸ்லிம் ஓவியர் ஒருவருக்கு இதில் என்ன தொடர்பு என்று சிலர் வினவுவதுண்டு. வட்டமும் சதுரமும் எவர்க்கும் தனியுடைமை அல்ல. பள்ளிவாசல் சுவர்களின் வடிவக் கணிதத்தில் பழகிய கண்களுக்கு இது விளங்காததன்று. மேலும், 1950-களின் கறுத்த ஞாயிற்றைக் கண்டவர்க்கு இப்புள்ளி புதிதாகவும் தோன்றாது. என் குறை வேறு. முதல் ‘பிந்து’ ஓவியங்களில் இருந்த இருளின் கனம், பிற்காலத்து ஓவியங்கள் பலவற்றில் இல்லை. திரும்பத் திரும்ப வரைந்ததில் புள்ளி ஒரு முத்திரையாகிவிட்டது. நிலம் விலகியபோதெல்லாம் ரஸாவின் கை தளர்ந்தது என்பதே அவரது வளர்ச்சியை நோக்குவார் காணும் உண்மை.

பிறந்த மாநிலம் அவரை எப்போது அழைத்தது? 1978-இல் மத்தியப் பிரதேச அரசு போபாலில் அவருக்குப் பாராட்டும் கண்காட்சியும் நடத்தியது. பாரிஸ் பரிசு கிடைத்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. இந்திக் கவிஞர் அசோக் வாஜ்பேயியின் வரியொன்றைத் தாங்கிய ‘மா’ (1981) என்னும் ஓவியம், பெற்ற மண்ணை நோக்கி எழுந்த குரல். அதே 1981-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

அங்கீகாரத்தின் பின்னே சந்தை வந்தது. சந்தையின் பின்னே மோசடியும் வந்தது. 2009 ஜனவரியில் டெல்லிக் கலைக்கூடம் ஒன்று, ரஸாவின் இளமைக்காலப் படைப்புகள் என ஒரு கண்காட்சி அமைத்து, திறந்து வைக்க அவரையே அழைத்தது. உள்ளே நுழைந்த முதியவர், சுவரில் தொங்கியவற்றுள் பல தம் கைபடாத போலிகள் எனக் கண்டார். கண்காட்சி மூடப்பட்டது. அடுத்த ஆண்டு லண்டன் ஏலத்தில் ‘ஸௌராஷ்டிரா’ சுமார் 16 கோடி ரூபாய்க்கு விலைபோனது. 2023-இல் மும்பை ஏலத்தில் ‘ஜெஸ்டேஷன்’ (1989) என்னும் ஓவியம் 51.75 கோடி ரூபாயை எட்டியது.

இந்த இரு செய்திகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விலை ஏற ஏறப் போலிக்கு ஊக்கம் பெருகும். போலி நுழையும் வாயில், ஆவணம் மெலிந்த காலமே. அவருடைய படைப்புகள் அனைத்தையும் பதிவு செய்யும் பெருந்தொகுப்பின் முதல் தொகுதி 2016-இல் வந்தபோது, அது தொடங்கியது 1958-இலிருந்து. பாரிஸ் கலைக்கூடங்கள் கணக்கு வைத்திருந்த காலம் அது. பம்பாயில் விற்றுப்போன இளைஞரின் நீர்வண்ணத் தாள்களுக்கு அத்தகைய காவல் இருக்கவில்லை. கண்காட்சி ஏட்டைப் பேணாத சமூகம், கலைஞரின் கையெழுத்தையே பிறர் கையில் ஒப்படைத்துவிடுகிறது.

அறுபது ஆண்டுகள் பிரான்ஸில் வாழ்ந்தும் இந்தியக் குடியுரிமையை அவர் விடவில்லை. பிரெஞ்சு ஓவியரான மனைவி ஜானின் மோங்கியா 2002-இல் மறைந்தார். 2010-இன் இறுதியில் ரஸா டெல்லிக்குத் திரும்பினார். 2016 ஜூலை 23 அன்று காலமானார். அவர் விரும்பியவாறே மண்டலாவில் தந்தையாரின் கப்ருக்கு அருகில் நல்லடக்கம் செய்யப்பெற்றார். பாரிஸின் பொம்பிடு கலை மையம் நூற்றுக்கு நெருங்கிய படைப்புகளுடன் அவருக்கெனப் பெருங்கண்காட்சி நடத்தியது 2023-இல். அவர் மறைந்து ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்குப் பின்.

பிறந்த நாடும் புகுந்த நாடும் அவரைத் தம்முடையவர் என்றன. இரண்டுமே தாமதமாகச் சொன்னவை. நம் ஊர்களிலும் ஓவியம் வரைவோர், எழுத்தணி தீட்டுவோர், கவி புனைவோர் உள்ளனர். அவர்கள் எங்கே, எந்த நாளில், எதைப் படைத்தனர் என்று அன்றே குறித்து வைப்பது பெரிய பொருட்செலவு கோரும் பணியன்று. அவர்களின் உரிமையைப் பிற்காலத்தில் நிலைநாட்டப்போகும் சான்று அக்குறிப்பேடு ஒன்றே.