தணிக்கையாளர் இல்லாத தணிக்கை

அறிவியல் புனைகதை வாசகர்கள் தாங்களே வாக்களித்துத் தருவது ஹியூகோ விருது. 1953 முதல் இருக்கிறது. நடுவர் குழு என்று எதுவும் கிடையாது. உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் சந்தா கட்டி உறுப்பினராகிற யாரும் படைப்புகளை முன்மொழியலாம், வாக்களிக்கலாம். ரசிகர்களின் ஜனநாயகம் என்று இதைப் பற்றிப் பெருமை பேசுவதுண்டு. 2023இல் மாநாடு சீனாவின் செங்டு நகரத்தில் நடந்தபோது இந்த ஜனநாயகம் என்ன ஆனது?

2024 ஜனவரியில் முன்மொழிவு வாக்கு விவரங்கள் வெளியாயின. ஆர். எஃப். குவாங்கின் 'பேபல்' நாவல் இறுதிப் பட்டியலுக்குப் போதுமான வாக்குகள் பெற்றிருந்தது. எதிரே 'தகுதியற்றது' என்று ஒரு குறிப்பு. புதிய எழுத்தாளர் பிரிவில் ஷிரன் ஜே ஜாவ், ரசிக எழுத்தாளர் பிரிவில் பால் வீமர் ஆகியோருக்கும் அதே கதி. ஏன்? விதிகளைப் பார்த்தோம், முடிவெடுத்தோம். பதில் அவ்வளவுதான்.

சீன அரசு தடுத்துவிட்டது என்றுதான் எல்லோரும் உடனே நினைத்தார்கள். ஆனால் பிப்ரவரியில் கசிந்த மின்னஞ்சல்கள் வேறு கதை சொல்லின. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த விருது நிர்வாகிகளே எழுத்தாளர்களைப் பற்றிக் கோப்பு தயாரித்திருந்தார்கள். சீனா, தைவான், திபெத் பற்றி இவர் என்ன சொன்னார், எங்கே போனார் என்றெல்லாம் துருவியிருக்கிறார்கள். 'பேபலில்' சீனா நிறைய வருகிறது, ஆனால் தான் படிக்கவில்லை என்று ஒருவர் எழுதுகிறார். வீமர் திபெத் போனதாகக் குறித்திருக்கிறார்கள். மனுஷன் போனது நேபாளத்துக்கு!

உள்ளூர் நெருக்கடி இருந்திருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் அரசிடமிருந்து அதிகாரபூர்வ உத்தரவு எதுவும் வரவில்லை என்று பொறுப்பாளரே சொன்னார். அப்படியானால் தணிக்கை செய்தது யார்? அதிகாரம் எப்போதும் மேலிருந்து கட்டளையாக இறங்குவதில்லை. 'அவங்களுக்குப் பிடிக்காம போயிடுமோ' என்று நாமே ஊகித்து, நாமே வெட்டும்போதுதான் அது முழுமையாக வேலை செய்கிறது. இங்கே அந்த ஊகத்துக்குள் 'கீழைத்தேயம்' பற்றிய மேற்கத்திய கற்பிதமும் சேர்ந்துகொண்டது. பிரிட்டிஷ் காலனியத்தையும் அபினி வணிகத்தையும் விசாரிக்கிற நாவல்தான் 'பேபல்'. அதைச் சீனாவின் பெயரால் நீக்கியிருக்கிறார்கள்.

இந்த விவகாரத்தில் அதிகம் பேசப்படாத பகுதி இன்னொன்று. ஒரு சீனப் பத்திரிகை சிபாரிசுப் பட்டியல் வெளியிட்டதைக் கூட்டுச்சதியாக்கி, அதன்படி வந்த வாக்குகளை நீக்கியதாக அந்தக் குழுவில் இருந்தவரே பின்னர் மன்னிப்புக் கடிதத்தில் எழுதினார். 2015ஐ நினைத்துப் பாருங்கள். அமெரிக்க வலதுசாரிகள் பட்டியல் போட்டுப் பல பிரிவுகளைக் கைப்பற்றினார்கள். அந்த வாக்குகளை யாரும் அழிக்கவில்லை. விதிக்கு உட்பட்டதுதான் என்றார்கள். வாசகர்கள் ஐந்து பிரிவுகளில் 'யாருக்கும் விருதில்லை' என்று வாக்களித்துப் பதில் சொன்னார்கள். அமெரிக்கர் பட்டியல் போட்டால் தந்திரம், சீனர் போட்டால் மோசடியா?

செங்டுவில் முதன்முறையாக வாக்களித்த சீன வாசகர்கள் இரண்டு முறை இழந்தார்கள். வாக்கும் போச்சு, பழியும் அவர்கள் நாட்டின் மேலேயே விழுந்தது. 'சீனத் தணிக்கை' என்ற ஒற்றைச் சொல் மேற்கத்திய நிர்வாகிகளின் கையெழுத்தை மறைத்துவிட்டது.

2024இல் கிளாஸ்கோ குழு 377 வாக்குகளைச் செல்லாதவையாக்கியது. ஒரு போட்டியாளருக்காகப் போலியாகப் போடப்பட்டவை அவை. எத்தனை வாக்குகள், ஏன் என்று விருது விழாவுக்கு முன்பே பகிரங்கமாகச் சொன்னார்கள். வாக்கை நீக்குகிறவர் வாக்களித்தவருக்குச் செய்யவேண்டிய குறைந்தபட்சக் கடமை இது. செங்டுவில் அதுகூட நடக்கவில்லை.