கூத்தின் பாட்டு தேய்ந்த கதை

செய்யாறு வட்டாரத்துக் கூத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கண்ணால் கண்டதையே எழுதியிருக்கிறார்கள். கிரீடம், புஜக்கீர்த்தி, மார்பதக்கம், அரிதாரம், சுழன்றாடும் அடவு. இவ்வட்டாரத்துக் கூத்து ஊர்களான புரிசையும் பெருங்கட்டூரும் வெளியுலகுக்கு நாடகத்தின் பெயரால்தான் அறிமுகமாயின. ஆனால் ஊர்ச்சனம் பாய் விரித்து விடியவிடியக் காத்திருந்தது பாட்டுக்கும் சேர்த்துத்தான். ஆண்பனை குலை ஈனும்படி சம்பந்தர் பதிகம் பாடியதாகச் சொல்லப்படும் திருவோத்தூர் இந்தச் செய்யாறு நகரில்தான் இருக்கிறது. பாட்டின் வலிமையை நம்பிய மண்ணில் கூத்தின் பாட்டுக்கு மட்டும் தக்க திறனாய்வு வாய்க்கவில்லை. அதன் தேய்வுக்கு அந்தப் பாராமுகமும் ஒரு காரணம்.

மிருதங்கம் அல்லது டோலக், ஆர்மோனியம், தாளம், முகவீணை: இவ்வளவுதான் மேளக்கட்டு. நாகசுரத்தின் சின்னத் தம்பி போன்ற முகவீணைக்குக் குரல் மட்டும் பெரிது. இரவில் அது பக்கத்து ஊர்வரை எட்டும். களரி கட்டும் தொடக்க இசை முடிந்ததும் வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று, தாளக்கட்டு இல்லாத விருத்தம் பாடுவார். திரை விலகியதும் தாளத்தோடு தரு. ஆடுபவரே பாடுகிறார், பாடுபவரே வசனமும் பேசுகிறார். அவர் ஓர் அடி பாடி விட்டதும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். அந்த இடைவெளியில் அவர் மூச்சு வாங்கிச் சுழல்கிறார். முகவீணை இரண்டு குரல்களுக்கும் நடுவே இழையறாமல் ஓடுகிறது. மோகனமும் முகாரியும் இங்கே கச்சேரி இலக்கணப்படி விரிவதில்லை. கர்ணன் சாகப்போகிறான் என்று கதை சொல்வதற்கு முன்பே ராகம் சொல்லிவிடும்.

இதன் உச்சத்தை அர்ச்சுனன் தபசில் கேட்கலாம். திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில், ஆளுயரத்தைப் போல் பல மடங்கு உயர்ந்த தபசு மரத்தில் வேடக்காரர் விருத்தம் பாடிக்கொண்டே ஏறுவார். ஏற ஏறக் குரல் தளரக்கூடாது. கீழே பிள்ளை வரம் வேண்டி நிற்கும் பெண்களுக்கு அது கலை நிகழ்ச்சி அன்று. மேலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்தை அவர்கள் மடியில் ஏந்துகிறார்கள். மூச்சு, உடல், சுருதி மூன்றையும் ஒரே நேரத்தில் இப்படிச் சோதிக்கும் பாட்டுமுறை தமிழில் வேறு ஏது?

குறைகளை மூடி வைப்பது இந்தக் கலைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. திறந்தவெளிக்காகக் குரலை உச்சத்தில் ஏற்றும்போது சொல் சிதைகிறது; புதிதாகக் கேட்பவருக்குப் பாதிப் பாட்டு புரியாது. வாய்வழியாக வந்த பாடல்களில் பிழைகள் படிந்து, சில அடிகளுக்குப் பொருளே தெரியாமல் பாடுகிறார்கள். பெண்ணுக்கு நெடுங்காலம் இடம் தரப்படவில்லை. திரௌபதியின் ஓலத்தையும் ஆண் குரலில்தான் கேட்க வேண்டியிருந்தது. சீசனுக்கு முன்பணம் வாங்கிய கலைஞர், கடன் தீரும்வரை ஒரே ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், கட்டுண்டு கிடந்ததும் உண்டு.

புகழ் வந்தது வேறு வழியில். புரிசை நடேச தம்பிரானின் கூத்தில் தமிழ் நவீன நாடகத்துக்கான ஊற்றை எழுத்தாளர் ந. முத்துசாமி கண்டார், 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு பிறந்தது. புரிசைக் கண்ணப்ப தம்பிரான் அங்கே இளைஞர்களுக்குக் கூத்தைக் கற்றுக்கொடுத்தார். அவர் மகன் கண்ணப்ப சம்பந்தன், பாரிசின் தியேத்ர் து சொலேய் குழுவுக்குக் கூத்தைப் பயிற்றுவித்தார். அக்குழுவின் இயக்குநர் அரியான் முனுஷ்கின் 2016இல் மேடையேற்றிய நாடகத்தில் பிரெஞ்சு மேடையில் தமிழ்க் கூத்துப் பாட்டு ஒலித்தது. பெருமைப்பட வேண்டிய வரலாறு இது. ஆனால் நகர அரங்கம் கூத்தை ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள் கேட்டது. எட்டு மணி நேரக் கூத்தைச் சுருக்கும்போது அடவு தப்பிக்கிறது, விருத்தம்தான் வெட்டுப்படுகிறது. மெல்ல விரியும் எதற்கும் அந்த மேடையில் நேரமில்லை.

ஊரில் நடந்தது என்ன? சினிமா மெட்டு புகுந்து கெடுத்தது என்பது வழக்கமான புகார். அது முழு உண்மை அல்ல. கூத்து எப்போதும் வெளியிலிருந்து வாங்கிச் செரித்த கலை. ஆர்மோனியமே அப்படி வந்ததுதான். ஒலிபெருக்கி செய்த மாற்றம் அதைவிட ஆழமானது. களத்தில் தொங்கும் ஒலிவாங்கியை நோக்கி ஆட்டக்காரர் வந்து நிற்கத் தொடங்கினார். பின்பாட்டு ஒலிப்பின்னணியாகத் தேய்ந்தது. கீபோர்டு வந்த ஜமாவில் முகவீணைக்காரருக்குத் தனிச் சம்பளம் கொடுப்பது வீண் செலவாகப்பட்டது. திருவிழா இரவுகளில் பாட்டுக் கச்சேரிக் குழு பங்கு கேட்டது. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் காலையில் கம்பெனிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் நள்ளிரவிலேயே எழுந்து போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. எனினும் விடியற்காலை விருத்தத்துக்குக் கேட்பவர் இல்லையென்றால் பாடுபவர் அதை ஏன் பயில வேண்டும்?

மாற்று முயற்சி இல்லாமல் இல்லை. பெருங்கட்டூர்க் கூத்துக் கலைஞர் பொ. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம், பள்ளிப் படிப்போடு கூத்தையும் சொல்லிக்கொடுத்தது. முக்கியமாக, பெண் குழந்தைகளைப் பாடவும் ஆடவும் களத்தில் இறக்கியது. பழைய குறைகளில் மிகப் பெரியதை அது நேராகத் தொட்டது. 2020இல் குருகுலம் மூடப்பட்டது. தனி மனிதர்களின் உழைப்பில் நின்ற ஒன்றை ஏந்திக்கொள்ள அரசு முன்வரவில்லை என்பது வருத்தம் தரும் உண்மை.

செய்யாறு அடங்கிய மாவட்டத்தின் தலைநகரான திருவண்ணாமலையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, தேவாரம், நாகசுரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்பது இத்தகைய பள்ளிகளின் வழக்கமான பாடத்திட்டம். இந்த மாவட்டக் கூத்தின் கருவியான முகவீணைக்கு அதில் இடம் வேண்டும். வயதான முகவீணைக் கலைஞர் ஒருவரை, சான்றிதழ் கேட்காமல், ஆசிரியராக அமர்த்தலாம். பண்பாட்டுத் துறை கூத்து விழாவுக்குப் பணம் கொடுக்கும்போது முழு இரவுக்கும் கொடுக்கலாம். மேளக்கட்டு முழுமையாக இருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு. புரிசையில் ஆண்டுதோறும் கண்ணப்ப தம்பிரான் நினைவாக நடக்கும் விழாவிலிருந்தே இதைத் தொடங்கிவிடலாம்.