சிரிப்பு நடிகைக்கு ஒரு நியாயம்

"ஹாஸ்ய நடிகையாக ஆரம்பித்தவர், பிறகு குணசித்திர நடிகையாக உயர்ந்தார்" என்று ஒரு வாக்கியம் நம் பத்திரிகைகளில் அடிக்கடி வரும். மனோரமாவைப் பற்றி இதை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. 2015 அக்டோபர் 10-ஆம் தேதி அவர் காலமானபோதும் இதே பல்லவியைக் கேட்டேன். சொன்னவர்கள் எல்லோரும் அவரிடம் மிகுந்த அன்பு கொண்டவர்கள்தாம். ஆனால் "உயர்ந்தார்" என்ற அந்த ஒரு சொல்லோடு எனக்கு நெடுநாளைய வழக்கு ஒன்று இருக்கிறது. எதிலிருந்து எதற்கு உயர்ந்தார்? சிரிப்பு கீழ்ப்படி, அழுகை மேற்படி என்று இந்த மாடிப்படியைக் கட்டிய கொத்தனார் யார்?

கொத்தனார் வேறு யாருமில்லை, நாம்தான். ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். 1960-களில் தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்தவர்கள் என்று இரண்டு பேரைச் சொல்லச் சொன்னால் நாகேஷ், மனோரமா என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். இருவருக்கும் நடிப்புக்கான தேசிய விருது கிடைத்தது. நாகேஷுக்கு 'நம்மவர்' படத்துக்காக, 1994-ஆம் ஆண்டுக்கான விருது; அதில் அவர் மகளைப் பறிகொடுத்த தகப்பனார். மனோரமாவுக்கு 'புதிய பாதை' படத்துக்காக, 1989-ஆம் ஆண்டுக்கான விருது. அதில் அவர் ஓர் ஏழை ஆயா. சிரிப்பில் சக்கரவர்த்திகளாக இருந்த இருவரையும், அவர்கள் நம் கண்ணைக் கலங்க வைத்த பிறகுதான் தில்லி திரும்பிப் பார்த்தது.

நடுவர்களையே குறை சொல்வதும் நியாயமில்லை. துணை நடிகர், துணை நடிகை என்ற தேசிய விருதுகளே 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் ஆரம்பமாயின. அதற்கு முன்னால் கதாநாயகனும் கதாநாயகியும்தான் நடிகர்கள். மற்றவர்களுக்குப் பந்தியில் இலையே போடவில்லை. ஆகவே மனோரமாவின் முதல் முப்பது வருஷ உழைப்பில் பெரும்பகுதி, விருது என்ற சொல்லுக்கு வெளியிலேயே நடந்து முடிந்துவிட்டது. இலை போட்ட பிறகும் எந்தப் பதார்த்தத்தை முதலில் ருசி பார்த்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு வேடிக்கை. அவர் ஹாஸ்ய நடிகையாக ஆரம்பித்தார் என்பதே முழு உண்மையில்லை. 1937-இல் மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா, குடும்பம் நொடித்துப் போனதால் தாயாருடன் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூருக்கு வந்து, படிப்பைப் பாதியில் விட்டு, நாடக மேடை ஏறியவர். 'ஆச்சி' என்ற பெயர் அந்தச் செட்டிநாட்டுப் பேச்சு கொடுத்த சீதனம். எஸ். எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழுவில் இருந்தார். அண்ணாதுரையோடும் கருணாநிதியோடும் மேடையில் நடித்தார். நாடகத்தில் அவர் போட்டது பெரும்பாலும் கதாநாயகி வேஷம். 1958-இல் கண்ணதாசன் எடுத்த 'மாலையிட்ட மங்கை'யில்தான் சிரிப்பு வேஷம் வந்தது. கதாநாயகியாக நடித்தவளுக்கு இதுவா என்று அவர் தயங்கியதையும், சிரிப்பு வேஷம் போடுகிறவர்தான் நெடுநாள் நிலைத்து நிற்பார் என்று கண்ணதாசன் தைரியம் சொன்னதையும் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். கவிஞரின் வாக்குப் பலித்தது. ஆயிரம் படங்களைத் தாண்டிக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார். நடுவில் 1963-இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் ஒரு கை பார்த்தார்.

அவருக்கு முன்னால் நம் படங்களில் சிரிப்பு நடிகைகள் இல்லாமலில்லை. டி. ஏ. மதுரம் இருந்தார், ஆனால் என். எஸ். கிருஷ்ணனைச் சொல்லாமல் மதுரத்தைச் சொல்ல மாட்டார்கள். எம். சரோஜா என்றால் உடனே தங்கவேலு ஞாபகம் வரும். சிரிப்பு நடிகை என்பவள் சிரிப்பு நடிகனின் இணை. அவன் சொல்லுவான், அவள் நொடிப்பாள். மனோரமாவும் நாகேஷோடு, சோவோடு, தேங்காய் சீனிவாசனோடு ஜோடி சேர்ந்தவர்தான். ஆனால் யாருக்கும் நிரந்தர ஜோடியாக இருக்கவில்லை. ஆள் மாறினார்கள்; அவர் நின்றார். ஒரு பெண் தன் சொந்தப் பொறுப்பில், தன் பெயரில், ஒரு கொட்டகையைச் சிரிக்க வைக்க முடியும் என்று தமிழ்ப் படத்தில் நிலைநாட்டியவர் அவர் என்பது என் அபிப்பிராயம். அவரைப் பாராட்டுவதற்கும் 'பொம்பளை சிவாஜி' என்று ஓர் ஆண் பெயரை நாம் கடன் வாங்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

இனி நடிப்புக்கு வருகிறேன். 1968-இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' பார்க்காத வாசகர் இருக்க முடியாது. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை, ஏ. பி. நாகராஜன் படமாக்கினார். அந்தக் கதையில் இரண்டு பெரிய கலைஞர்கள் இருக்கிறார்கள். நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரம்; பரதநாட்டியக்காரி மோகனாம்பாள். இருவருக்கும் வித்தை இருக்கிறது, அதைவிட அதிகமாகக் கர்வம் இருக்கிறது. படம் முழுவதும் அந்த இரண்டு கர்வங்களின் சண்டைதான். நடுவில் மூன்றாவதாக ஒரு கலைஞர் வருகிறாள். ஊர் ஊராகப் போகிற நாடகக் கம்பெனியின் ஆட்டக்காரி, ஜில் ஜில் ரமாமணி. அவள் வித்தை என்ன பெறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் உள்ளுக்குள் தெரியும்.

சண்முகசுந்தரத்தைப் பார்த்து ரமாமணி ஒரு கேள்வி கேட்கிறாள். அந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, இல்லை எல்லா நாயனத்திலும் வருமா என்று. கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. தொலைக்காட்சியில் இன்று பார்க்கிற பேரக் குழந்தையும் சிரிக்கிறது. வித்தை தெரியாதவளின் அசட்டுக் கேள்வி என்று சிரிக்கிறோம். ஆனால் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். ஒரு வித்வானுக்கு இதைவிடச் சரியான பாராட்டை எந்த சங்கீத விமரிசகர் எழுதியிருக்கிறார்? எல்லா நாயனமும் ஒரே மரம்தான். இந்த ஆள் ஊதினால் மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்பதுதானே சங்கீதத்தின் ரகசியம்? அந்தப் படத்தில் கலையைப் பற்றிக் கர்வம் கலக்காமல் பேசுகிற ஒரே ஆத்மா ரமாமணி.

இது வசனகர்த்தாவின் புண்ணியம் என்று சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனோரமா அதைக் கேட்கும் விதத்தைக் கவனியுங்கள். சிரிப்பு மூட்டுகிறோம் என்ற நினைப்பே அந்த முகத்தில் இல்லை. கண்ணை அகட்டிப் பார்வையாளரை நோக்கி ஒரு வெட்டு வெட்டியிருந்தால் கைதட்டல் இரட்டித்திருக்கும், ரமாமணி செத்துப்போயிருப்பாள். அவர் உண்மையாகவே கேட்கிறார். தான் ஒரு மூன்றாந்தர ஆட்டக்காரி, எதிரில் இருப்பவர் மகா வித்வான் என்ற மரியாதை குரலில் இருக்கிறது. நாடகக் கம்பெனிச் சோற்றைத் தின்று வளர்ந்த ஒருவருக்கு அந்த மரியாதையும், அதற்கு அடியில் இருக்கிற துக்கமும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருக்க வேண்டும். ரமாமணியைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் அவளை ஏளனம் செய்ய நமக்கு மனம் வருவதில்லை.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் பொறாமை உண்டு. கதாநாயகியை நிலைநிறுத்த எனக்கு இருபது அத்தியாயம் கிடைக்கிறது. கடைசித் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு ஒரு பாராவைத்தான் ஒதுக்க முடியும். அந்தப் பாராவில் கிழவி உயிரோடு எழுந்து உட்கார்ந்தால்தான் நான் எழுத்தாளன். சிரிப்பு நடிகைக்குக் கிடைப்பதும் அந்த ஒரு பாராதான். பூர்வ கதை கிடையாது, கனவு கிடையாது, பின்னணி வயலின் கிடையாது. வந்து நின்று வாயைத் திறந்த மாத்திரத்தில் ஊர், சாதி, சம்பளம், வீட்டுக் கஷ்டம் எல்லாம் தெரிந்தாக வேண்டும்.

மனோரமா இதைப் பேச்சினாலேயே சாதித்தார். ரமாமணி வந்த அதே 1968-இல் 'பொம்மலாட்டம்' படத்தில் அவர் அசல் சென்னைத் தமிழில் ஒரு பாட்டைத் தம் குரலிலேயே பாடினார். அந்த இரண்டு பேச்சையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ரமாமணியின் இழுப்பு வேறு; பட்டணத்துப் பெண்ணின் வெடுக்கு வேறு. காது இல்லாதவர் இதைச் செய்ய முடியாது. அந்தக் காது சிரிப்பு வேஷங்களில் தீட்டப்பட்ட காது.

பிற்காலத்தில் நாம் குணசித்திரம் என்று கொண்டாடியதெல்லாம் இந்த முதலின் வட்டிதான். 1986-இல் வந்த 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் வேலைக்காரி கண்ணம்மா, இரண்டு சம்பந்திகளின் வீம்பை உடைக்க ஒரு நாடகம் போடுகிறாள். கூச்சலும் எதிர்ப்பேச்சுமாகக் கொட்டகை அதிரும் காட்சி அது. ஆனால் அதில் வேலைக்காரி எஜமானர் குடும்பத்தின் மானத்தைத் தன் தலையில் சுமக்கிறாள். சிரித்து முடிக்கும்போது தொண்டையில் ஏதோ அடைக்கிறது. எது ஹாஸ்யம், எது சோகம் என்று அங்கே கோடு கிழிக்க என்னால் முடியவில்லை.

தேசிய விருதுக்கு உரிய 'புதிய பாதை'க்கு அடுத்த வருஷம், 1990-இல், 'நடிகன்' வந்தது. வேஷம் போட்டுக் கிழவராக வரும் இளைஞனிடம் மனத்தைப் பறிகொடுக்கும் பேபி அம்மா. வயதான பெண்ணின் ஆசையைக் கேலி செய்வது நம் படங்களில் மிக மலிவான சரக்கு. மனோரமா அந்தச் சரக்கையே எடுத்துக்கொண்டு, அந்த அம்மாளின் வெட்கத்தை நிஜமாக்கினார். சிரித்தவர்களுக்குக் கடைசியில் லேசாக ஒரு கூச்சம் வந்திருக்கும். என்னைக் கேட்டால் விருது பெற்ற வேஷத்தைவிட இதையே மேலே வைப்பேன்.

குறை சொல்லாமல் விட்டால் இது விமரிசனம் ஆகாது. 1990-களில் அவருக்கு அம்மா வேஷங்கள் வந்து குவிந்தன. அவற்றில் பலவற்றில் ஒரே சுருதியில் ஒரே ஓலம். 1991-இல் வந்த 'சின்னத் தம்பி'யின் விதவைத் தாய் பாமரர் மனத்தை உருக்கினாள், வாஸ்தவம். ஆனால் அங்கே அழுவது மனோரமா. பாத்திரத்தை நான் தேட வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த வருஷம் 'சின்னக் கவுண்ட'ரில் துருத்திய பல்லோடு ஆத்தாவாக வந்தபோது பழைய உயிர் திரும்பிவிட்டது. காரணம் வெளிப்படை. அந்தப் பல்லில் ஹாஸ்யம் இருந்தது. ஹாஸ்யத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அழுதால் நாம் நம்பினோம். அதைக் கீழே வைத்துவிட்டு அழுதால் சந்தேகப்பட்டோம்.

ஆகவே மனோரமா சிரிப்பிலிருந்து நடிப்புக்கு ஏறிப் போனவர் என்று எழுதுகிறவர்கள் அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு பாதிக் கணக்கை அழித்துவிடுகிறார்கள். தேசிய விருதும், 2002-இல் பத்மஸ்ரீயும் வந்தன, சந்தோஷம். ஆயிரம் படங்கள் நடித்தவரை நடுவில் வைத்து எழுதப்பட்ட கதைகளை எண்ண இரண்டு கை விரல்கள் வேண்டியதில்லை என்பது வருத்தம். அந்த வருத்தத்தில் கதை எழுதுகிற எங்களுக்கும் பங்கு உண்டு. ஒரு பாராவிலேயே இவ்வளவு செய்தவருக்கு ஒரு முழு நாவலை யாரும் கொடுக்கவில்லை.