‘ஸ்லம்’ என்னும் சொல்லும் தமிழாக்கமும்: நகர வாழிடச் சொற்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

நகரமயமாதல், நகரத் திட்டமிடல் ஆகிய துறைகளின் நூல்களும் அறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே தமிழுக்கு வருகின்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 37.7 கோடிப் பேர் நகரங்களில் வாழ்ந்தனர். அவர்களுள் சுமார் 6.5 கோடிப் பேரின் வாழிடங்களைக் கணக்கெடுப்பு ‘ஸ்லம்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கியது. கொல்கத்தாவின் பஸ்தி, மும்பையின் ஜோப்பட்பட்டி, தில்லியின் ஜுக்கி, சென்னையின் குப்பம் ஆகியவற்றுக்கிடையே உள்ள வேறுபாடுகள் ஆங்கிலச் சொல்லில் முதலில் மறைகின்றன. அச்சொல் ‘சேரி’ என்றோ ‘குடிசைப் பகுதி’ என்றோ தமிழாக்கம் பெறும்போது, மூலத்தில் இல்லாத பொருள்கள் வந்து சேர்கின்றன. இவ்விழப்பையும் சேர்க்கையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீர்ப்பும் கட்டுமானமும்

‘ஸ்லம்’ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் நகரக் குழூஉக்குறியாக, அறை என்னும் பொருளில் வழங்கிய சொல். பின்னரே அது ஏழ்மையும் நெருக்கடியும் மிக்க தெருக்களைக் குறிக்கலாயிற்று. இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம், மனிதர் வாழத் தகுதியற்ற கட்டடங்கள் உள்ள பகுதியையும், சிதைவு, நெருக்கடி, காற்றும் ஒளியும் இன்மை, துப்புரவு வசதியின்மை முதலியவற்றால் பாதுகாப்புக்கும் உடல்நலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் கேடு விளைவிக்கும் பகுதியையும் இவ்வகையில் சேர்த்தது. இது இடத்தின் வருணனையன்று. இடத்தின் மீது அதிகாரி ஒருவர் வழங்கும் தீர்ப்பு. கூரை ஓலையா, ஓடா, சுவர் மண்ணா, செங்கல்லா என்னும் வினா இவ்வரையறையில் இல்லை.

‘குடிசைப் பகுதி’ என்னும் தமிழ்த்தொடரோ கட்டுமானத்தையே முதன்மைப்படுத்துகிறது. இடியும் நிலையிலுள்ள மாடிக் கட்டடம் சட்டத்தின்படி ‘ஸ்லம்’ ஆகலாம். தமிழ்த்தொடரைப் படிப்பவர் அதனை எண்ணிப் பார்க்கமாட்டார். குடிசையைக் கல்வீடாக மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்னும் கருத்துக்கும் இத்தொடர் இடமளிக்கிறது. குடிநீரும் கழிவுநீர் வழியும் இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பு குடிசையன்று. ஆயினும் அங்கு வாழ்வோர் துயரம் தீர்ந்துவிட்டதாகக் கொள்ள இயலாது.

சேரி: வரலாறு ஏற்றிய சுமை

‘சேரி’ தொடக்கத்தில் மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்ற பொதுப்பொருளையே உடையது. சோழர் காலப் பிரமதேயங்களின் உட்பிரிவுகளும் சேரிகள் எனப்பட்டன. புதுச்சேரி என்னும் ஊர்ப்பெயரில் அப்பொதுப்பொருள் இன்றும் எஞ்சியுள்ளது. ஆயினும் முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டிலேயே பறைச்சேரி, தீண்டாச்சேரி ஆகிய வழக்குகளும் காணப்படுகின்றன. காலப்போக்கில் சொல்லின் பொருள் சுருங்கி, ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்ட தலித் மக்களின் குடியிருப்பைக் குறிப்பதாயிற்று.

எனவே மும்பை அல்லது தில்லி பற்றிய கட்டுரையில் ‘சேரி’ எனப் பெயர்க்கும்போது, பல மாநிலங்களிலிருந்தும் பல சாதி, சமயங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோர் கலந்து வாழும் இடத்தின்மீது, தமிழகச் சிற்றூரின் ஊர் – சேரிப் பிரிவினை படிந்துவிடுகிறது. மறுபுறம், நகரின் ஏழ்மைப் பகுதி அனைத்தும் ‘சேரி’ எனப்படுவதால், உண்மையான சேரியின் சாதிக் கொடுமை வெறும் வசதிக்குறைவாகத் தோற்றமளிக்கிறது. இரு வகையிலும் உண்மை திரிகிறது.

பஸ்தியும் சாலும்

வடமொழிச் சார்புடைய ‘பஸ்தி’ வாழிடம் என்ற பொதுப்பொருளது. உத்தரப் பிரதேசத்தில் அப்பெயரால் ஒரு மாவட்டமே உண்டு. இழிபொருள் தருவதற்கு இந்தி ஆட்சிமொழி ‘கந்தீ’, ‘மலின்’ என அழுக்கைச் சுட்டும் அடைமொழியை முன்சேர்க்க வேண்டியிருந்தது. தீர்ப்பு வெளியிலிருந்து வருவது என்பதை இவ்வமைப்பே காட்டுகிறது.

கொல்கத்தாவில் இச்சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. நிலவுடைமையாளர், அவரிடம் நிலத்தை வாடகைக்குப் பெற்றுக் குடில்கள் எழுப்பும் டிக்கா குத்தகையாளர், அக்குடில்களில் வாடகைக்கு இருப்போர் என மூவடுக்கு உறவால் அமைந்தது அந்நகரின் மரபான பஸ்தி. 1949ஆம் ஆண்டின் டிக்கா குத்தகைச் சட்டம் இவ்வுறவை ஒழுங்குபடுத்தியது. 1981ஆம் ஆண்டின் சட்டம் இத்தகைய நிலங்களை அரசின் உடைமையாக்கியது. வாடகை செலுத்தி வாழ்ந்த இம்மக்களின் வாழிடத்தை மொழிபெயர்ப்பாளர் ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதினால், அது சொற்பிழை மட்டுமன்று. அவர்கள்மீது சுமத்தப்படும் பொய்க்குற்றமும் ஆகும்.

மும்பையின் ‘சால்’ இன்னொரு வகை. பொது நடைவழியை ஒட்டி ஒற்றையறை வீடுகள் வரிசையாக அமைந்த, பெரும்பாலும் ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த வாடகைக் கட்டடம் அது. 1920களில் அரசே வொர்லி, நைகாவ் முதலிய இடங்களில் இத்தகைய கட்டடங்களை எழுப்பியது. ஜோப்பட்பட்டியையும் சாலையும் ஒரே சொல்லால் பெயர்ப்பது பொருந்தாது. தமிழின் ‘ஒண்டுக்குடித்தனம்’ சாலின் நெருக்கடியையும் பொதுப் புழக்கத்தையும் ஓரளவு உணர்த்தும். எனினும் ஆலை வாழ்வு அதில் இல்லை.

இழிசொல் தரும் உரிமை

இழிபொருள் தரும் சொல்லை நீக்கி நயமான சொல்லை இடுவதே தீர்வு என்று கருதத் தோன்றும். தமிழ்நாட்டுக் குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது வரவேற்கத்தக்கதே. ஆயின் சட்ட நூல்களை மொழிபெயர்ப்போர் இங்கு எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இப்பகுதிகளை அறிவிக்கப்பட்டவை, ஏற்கப்பட்டவை, இனங்காணப்பட்டவை என மூன்றாகப் பகுத்தது. சட்டப்படி அறிவிக்கப்படாமலும் அரசால் ஏற்கப்படாமலும், கணக்கெடுப்பாளரால் இனங்காணப்பட்ட பகுதிகளில் மட்டும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கினர் வாழ்ந்தனர். மகாராட்டிரத்தில் ‘ஸ்லம்’ என்னும் சட்டத் தகுதியும், வரையறுத்த நாளுக்கு முன்பே குடியிருந்ததற்கான சான்றும் மாற்று வீடு பெறுவதற்கு அடிப்படையாகின்றன. அங்கு அச்சொல் இழிவு மட்டுமன்று. இடித்துத் தள்ளுவதற்கு எதிரான ஆவணமும் ஆகும். அதனை ‘ஏழை மக்கள் வாழிடம்’ என மென்மைப்படுத்தினால், மானம் காக்கும் முயற்சியில் உரிமை மறைந்துவிடும்.

நீதிமன்றச் சொற்களும் இவ்வாறே கருதத்தக்கவை. 1985ஆம் ஆண்டின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை ஏற்கவில்லை. எனினும் வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையின் கூறு என்று உரைத்தது. 2000ஆம் ஆண்டின் அல்மித்ரா படேல் வழக்கிலோ, பொதுநிலத்தில் குடியேறியோர்க்கு இலவச மாற்றிடம் தருவது பிக்பாக்கெட் திருடனுக்குப் பரிசு தருவதற்கு ஒப்பிடப்பட்டது. முன்னதன் ‘நடைபாதைவாசி’யையும் பின்னதன் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்பதையும் மொழிபெயர்ப்பு ஒன்றாக்கிவிட்டால், இரு தீர்ப்புகளின் மனப்போக்கிடையே உள்ள தொலைவு தமிழ் வாசகர்க்குப் புலப்படாது.

முடிவுரை

‘ஸ்லம்’ என்பதற்கு ஒரே நிகரனைத் தேடும் முயற்சியே குறையுடையது என்பது மேற்கூறியவற்றால் பெறப்படும். இடத்தைக் குறிக்கும் சொல்லும் சட்டத் தகுதியைக் குறிக்கும் சொல்லும் வேறுவேறாக இருத்தல் வேண்டும். பஸ்தி, சால், ஜோப்பட்பட்டி போன்றவற்றை அவ்வாறே எழுதி, முதன்முறை வருமிடத்தில் ஒரு தொடரால் விளக்குவது தக்கது. சட்டத் தகுதி சுட்டப்படும் இடங்களில் ‘ஸ்லம் என அறிவிக்கப்பட்ட பகுதி’ என எழுதினால், அது அறிவிப்பேயன்றி இடத்தின் இயல்பன்று என்பது தெளிவாகும். ‘சேரி’ என்பதை அதன் சாதி வரலாறு உண்மையாகவே பேசப்படும் இடங்களுக்கு உரியதாக்க வேண்டும். ‘ஆக்கிரமிப்பு’ என்னும் சொல், மூலம் அவ்வாறே கூறும்போதன்றி வருதல் கூடாது. கலைச்சொல் தொகுப்போரும் இச்சொல்லுக்கு நேரே ஒரு சொல்லை மட்டும் தந்து அமையாது, வழங்கும் இடத்தையும் சட்டப் பொருளையும் குறித்தல் நலம். இச்சொற்கள் குறிக்கும் இடங்களில் மக்கள் வாழ்கின்றனர். மொழிபெயர்ப்பில் நேரும் பிழையின் விலையை அவர்களே செலுத்த நேரிடும்.