தாய் இல்லாத தலைமுறைப் பட்டியல்

மலர் ஒன்று நம் கைக்கு வந்தது. வழுவழுப்பான தாள், வண்ண அட்டை, அட்டைமீது பொன்னெழுத்தில் குலத்தின் பெயர். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே ஒரு கூட்டத்தார் ஒன்றுகூடி, அறக்கட்டளை நிறுவி, குலதெய்வக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்தி, அதன் நினைவாக வெளியிட்ட மலர் அது. நம் வகுப்பு மாணவன் ஒருவன் பெருமிதத்தோடு கொண்டுவந்து மேசைமீது வைத்தான். “இதில் எங்கள் தாத்தாவின் படம் இருக்கிறது, ஐயா!” என்றான். இருந்தது. நிறுவன உறுப்பினர் வரிசையில், தலைப்பாகையும் முறுக்கிய மீசையுமாக அவர் வீற்றிருந்தார்.

அருகில் நின்ற மற்றொரு மாணவன் எட்டிப் பார்த்தான். “எங்கள் தாத்தா எந்தப் பக்கத்தில் இருப்பார், ஐயா?” என்றான். கேலிக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். அவன் பாட்டனும் அதே ஊர்தான். அதே தோட்டத்தில் கவலைச் சாலுக்குத் தோல் தைத்தவர். மாடு ஓட்டிக் கிணற்று நீரை வயலுக்கு ஏற்றியவர். மலரின் பக்கங்களை முதலிலிருந்து முடிவுவரை புரட்டினோம். அந்த முதியவர் அங்கே இல்லை.

முதல் சிறுவனின் பெருமிதமும் இரண்டாம் சிறுவனின் கேள்வியும் நம்மை இக்கட்டுரை எழுதப் பணித்தன.

முன்னோரை நினைப்பது குற்றமா? அன்று. பாட்டனின் பெயரைப் பேரன் அறிவது அறிவே ஆகும். மலரை வெளியிட்ட பெரியவர்கள் கெட்டவர்களும் அல்லர். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை வழங்குகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள், வரவேற்போம். நாம் இங்கே தனி மனிதரைச் சாடவில்லை. ஒருவகை எழுத்தை ஆராய்கிறோம். ஏனெனில், இம்மலர் தனி மலர் அன்று. கொங்கு நாடெங்கும் இவ்வகை மலர்கள் உண்டு. ஒன்றைப் படித்தவர் ஒன்பதைப் படித்தவர் ஆவார். முதலில் வாழ்த்துரைகள், அடுத்துக் கொங்கின் 24 நாடுகளின் பெயர்ப் பட்டியல், அப்பால் ஒரு செப்பேட்டின் படம், எந்த மன்னன் எந்தக் காணியைக் கொடுத்தான் என்ற கதை, அதன்பின் நிறுவன உறுப்பினர் வரிசை. ஒவ்வொரு படத்தின் கீழும் ‘இன்னார் பேரர், இன்னார் மகனார்’ என்ற குறிப்பு. ஈற்றில் நன்கொடையாளர் பெயர்கள். இந்த அமைப்பில் என்ன குறை என்று கேட்பீர்கள். குறையைக் காண வேறு நூல் தேட வேண்டாம். அவர்கள் விதியைக் கொண்டே கண்டுவிடலாம்.

கொங்கு வேளாளரிடையே கூட்டங்கள் பல. காடை, செம்பன், தூரன், ஆந்துவன், பொருளந்தை, பயிரன், சாத்தந்தை என நீளும் அப்பட்டியல். ஒரு கூட்டத்தில் பிறந்தோர் யாவரும் பங்காளிகள். அவர்கள் தமக்குள் மணம் செய்துகொள்வதில்லை. மணமகள் வேறு கூட்டத்திலிருந்தே வருதல் வேண்டும். இதுவே விதி, இதில் விலக்கில்லை என்று மலரே கூறுகிறது. நன்று! அப்படியானால் இந்தக் கூட்டத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் தாயும் வேறு கூட்டத்தாள். பாட்டியோ இன்னொரு கூட்டத்தாள். பத்து மாதம் சுமந்தவள், பாலூட்டியவள், முதற்சொல் கற்பித்தவள் யாவரும் அயற்கூட்டத்தாரே. தூய குலக்கொடி எங்கே? விதியை வகுத்தவர்களே அதற்கு இடம் வைக்கவில்லையே!

நாம் பள்ளியில் கணக்கும் கற்பிப்பவர்கள். ஆகவே ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒருவனுக்குப் பெற்றோர் 2. பாட்டன் பாட்டியர் 4. அதற்கு மேல் 8. இப்படியே இரட்டித்துப் போனால் பத்தாம் தலைமுறையில் 1,024 பேர் நிற்பர். தலைமுறைக்கு 30 ஆண்டு என்றால், 300 ஆண்டுக்கு முற்பட்ட காலம் அது. அந்த 1,024 பேரில் குலவரலாறு எத்தனை பேரைக் காட்டுகிறது? ஒரே ஒருவரை! தந்தைக்குத் தந்தை, அவர்க்குத் தந்தை என்று ஒற்றையடிப் பாதையில் நடந்து, அங்கே நிற்கும் ஒருவரைச் சுட்டி, “இவரே நம் முன்னோர்” என்கிறது. எஞ்சிய 1,023 பேர் என்ன ஆனார்கள்? அவர்களுள் எவர் இல்லாதிருந்தாலும் படத்தில் வீற்றிருக்கும் பெரியவர் பிறந்தே இருக்கமாட்டார். ஆயினும் அவர்களுக்குப் பெயர் இல்லை, பக்கம் இல்லை.

இன்னும் பின்னே செல்வோம். காலிங்கராயனை அறியாதவர் ஈரோட்டுப் பக்கத்தில் உண்டோ? 13ஆம் நூற்றாண்டினன், வெள்ளோட்டைச் சேர்ந்தவன், சாத்தந்தை கூட்டத்தான். பவானி ஆற்றில் அணை கட்டி, நொய்யல் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவுக்குக் கால்வாய் வெட்டுவித்தவன். இன்றும் அந்நீரில் நெல்லும் மஞ்சளும் விளைகின்றன. “அவன் எங்கள் முன்னோன்” என்று கூட்டத்தார் பெருமை கொள்கிறார்கள். அவன் காலத்துக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ 25 தலைமுறைகள். முன் போட்ட கணக்கை நீட்டினால், அத்தலைமுறையில் ஒருவனுக்கு 3,35,54,432 மூதாதையர் வேண்டும். அத்தனை மக்கள் அன்று கொங்கில் வாழ்ந்திருக்க இயலுமா? இயலாது. ஒரே மூதாதையர் பல கிளைகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள் என்பதே பொருள். காலிங்கராயன் வழியில் பிறந்த பெண்கள் வேறு கூட்டங்களுக்கு வாழ்க்கைப்பட்டுச் சென்றிருப்பார்கள் அன்றோ? அவர்கள் வயிற்றுப் பிள்ளைகளும் அவன் வழியினர் அன்றோ? அவன் குருதி வேலி தாண்டிப் போய்விட்டது. ஏடு மட்டும் வேலிக்குள் நிற்கிறது.

கால்வாயைத் தன் நலத்துக்கே வெட்டினான் என்ற பழி வாராதிருக்க, காலிங்கராயன் வெள்ளோட்டை விட்டே நீங்கி, பொள்ளாச்சிப் பக்கத்து ஊத்துக்குளியில் குடியேறினான் என்று மக்கள் ஒரு கதை சொல்வர். கதையோ வரலாறோ, அதன் கருத்தைப் பாருங்கள். தன் குலம் பயனடைந்தது என்ற பேச்சுக்கே அஞ்சியவன் அவன் என்று ஊரார் அவனைப் போற்றினர். அவனைக் குலத்தின் தனிச் சொத்தாக்குவது அவனுக்குச் செய்யும் சிறப்பு ஆகுமா? அந்த 90 கிலோமீட்டரிலும் மண்வெட்டி பிடித்தோர், கல் சுமந்தோர், கரை கட்டியோர் பெயரை எந்தச் செப்பேடு பொறித்தது?

பெண்ணின் பெயரை விட்டது எழுத்துப் பிழை என்று எண்ணிவிடாதீர். ஏட்டில் மகனை மட்டும் எழுதும் மனம், வீட்டிலும் மகனை மட்டுமே விரும்பும். மேற்கு மாவட்டங்களில் பெண் சிசுக்கள் கொல்லப்பட்ட கொடுமையைத் தடுக்க, 1992இல் சேலத்தில் அரசு தொட்டில் வைக்க வேண்டியதாயிற்று. பெற்றவளே பிள்ளையைத் தொட்டிலில் விட்டுச் செல்லும் நிலையை நாட்டில் உண்டாக்கியது எது? வறுமை ஒன்று, வரதட்சணை ஒன்று, “வமிசம் விளங்க ஆண் வாரிசு வேண்டும்” என்ற நினைப்பு மற்றொன்று. 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. 60 ஆண்டு கழித்து, 1989இல், குடும்பப் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு அளிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. 2005இல் இந்தியா முழுமைக்கும் வந்தது. சொத்துப் பட்டியலில் மகள் ஏறிவிட்டாள். தலைமுறைப் பட்டியலில் ஏற இன்னும் எத்தனை ஆண்டு காத்திருப்பாள்?

பெண்ணைப் போலவே, உழைத்தவனும் ஏட்டுக்கு வெளியே நிற்கிறான். கொங்குத் திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுபவர் யார்? முடிதிருத்தும் குடிமகன். அவர் வாய் திறந்தால்தான் மணமக்கள் வாழ்த்துப் பெறுவர். ஆனால் அவர் தந்தை பெயர் என்ன, பாட்டன் பெயர் என்ன என்று மலர் கேட்டதுண்டா? பானை வனைந்தவர், துணி வெளுத்தவர், பறை முழக்கியவர் எவரும் இல்லாமல் அந்தக் கோயில் விழா ஒருநாளும் நடந்ததில்லை. விழாவில் அவர்கள் உண்டு, வரலாற்றில் இல்லை.

போர்க்களத்திலும் இதே கதைதான். தீரன் சின்னமலை பயிரன் கூட்டத்தில் பிறந்தவன். ஆங்கிலேயனை எதிர்த்தான், 1805ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டான். அவனுடன் அவன் தம்பியரும் படைத்தலைவன் கருப்பசேர்வையும் உயிர் நீத்தனர். கருப்பசேர்வை எந்தக் கூட்டம்? தூக்குக் கயிறு கேட்டதா அக்கேள்வியை? அருந்ததியர் குடியில் பிறந்த பொல்லான் அவன் படையில் நின்றான் என்று மக்கள் போற்றுகின்றனர். சின்னமலையின் பெருமை அவன் பிறந்த கூட்டத்தில் இல்லை. அவன் சேர்த்த கூட்டத்தில் இருக்கிறது.

அந்த வீரன் பெயரை இந்நாளில் தாங்கிய சாதிப் பேரவை ஒன்று என்ன செய்தது? நெஞ்சு பதறுகிறது. 2015 சூன் மாதம், சங்ககிரிக்கு அருகிலுள்ள திருச்செங்கோட்டில், மலைக்கோயிலில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தான் கோகுல்ராஜ் என்ற பொறியியல் பட்டதாரி இளைஞன். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவன். அவனைக் கடத்திச் சென்றனர். மறுநாள் அவன் உடல் இருப்புப்பாதையில் கிடந்தது. அப்பேரவையின் நிறுவனருக்கும் உடன் சென்றோர்க்கும் 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2023இல் உயர்நீதிமன்றம் நிறுவனரின் தண்டனையை உறுதி செய்தது. குல மலர் வெளியிடுவோர் எல்லாம் கொலைகாரர் என்று நாம் கூறவில்லை, கூறுவது அநீதி. ஆனால் ‘நம் குருதி தூயது’ என்று பொன்னெழுத்தில் ஒருவர் எழுதுகிறார்; அதை மெய்யென நம்பிய மற்றொருவர் அரிவாளைத் தேடுகிறார். எழுதியவர் இதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

இது நம் நாட்டு நோய் மட்டும் அன்று. அமெரிக்காவில் விடுதலைப் போரில் பங்கெடுத்தோரின் வழிவந்த ஆடவர் சங்கம் ஒன்று 1889இல் எழுந்தது. பெண்களுக்கு அங்கே இடமில்லை என்றனர். மனம் நொந்த பெண்கள் 1890இல் வாசிங்டன் நகரில் ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்’ என்ற சங்கத்தைத் தாமே நிறுவினர். பாராட்டுக்குரிய செயல்! ஆனால் 1939இல் கறுப்பின இசைமேதை மரியன் ஆண்டர்சன் பாடுவதற்குத் தம் மண்டபத்தைத் தர மறுத்தவர்களும் அவர்களே. விலக்கப்பட்டவர்கள் விலக்கத் தொடங்கினர்! குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினோர் ரூசுவெல்ட் அச்சங்கத்திலிருந்து விலகினார். மண்டபம் மறுக்கப்பட்ட மரியன், அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாடினார். 75,000 பேர் கேட்டனர். பின்னாளில் அச்சங்கமே தன் செயலுக்கு வருத்தம் தெரிவித்தது. அங்கே வருந்த முடிந்தது என்றால், இங்கேயும் திருந்த முடியும்.

திருந்தும் வழியைக் காட்ட நம் கோபியே போதும். இங்கே வாழ்ந்தார் ஜி. எஸ். லட்சுமணன் ஐயர், 1917இல் பிறந்து 2011இல் மறைந்தவர். பிறப்பால் பார்ப்பனர். தாழ்த்தப்பட்டோரைத் தம் வீட்டுக்குள் அழைத்த குற்றத்துக்காக அவர் குடும்பத்தை அவர் குலத்தாரே ஒதுக்கி வைத்தனர். அவர் கலங்கவில்லை. ஒடுக்கப்பட்ட மாணவர்க்கு விடுதி நடத்தினார், நகராட்சித் தலைவராக இருந்து, மனிதக் கழிவை மனிதன் சுமக்கும் இழிவை இவ்வூரிலிருந்து அகற்றினார், செல்வத்தைக் கரைத்தார். நமக்கும் அவர்க்கும் கொள்கையில் வேறுபாடு உண்டு. எனினும் சொல்வோம்: குலம் தள்ளிவைத்தவரை ஊர் தலையில் வைத்துக் கொண்டாடியது. எந்தக் குலமலரிலும் இடம்பெறாத மூதாதை அவர். விடுதியில் படித்த பிள்ளைகள் அனைவர்க்கும் உரிய மூதாதை.

ஆகவே அறக்கட்டளைப் பெரியவர்களுக்கு நம் வேண்டுகோள் எளியது. அடுத்த மலரை ஊர் மலராக வெளியிடுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் தாயின் பெயரை அச்சிடுங்கள். கிணறு வெட்டியவர், சால் தைத்தவர், வாழ்த்துப் பாடியவர் பெயர்களைக் கேட்டறிந்து எழுதுங்கள். முதல் தலைமுறையாகப் பள்ளிக்குச் சென்ற பெண்ணின் படத்தை முன்பக்கத்தில் போடுங்கள். அதற்கு ஆகும் செலவு இன்னும் சில தாள்கள்தாம்.

அன்று வகுப்பில் அவ்விரு சிறுவரையும் கரும்பலகைக்கு அழைத்தோம். “உங்கள் தாயின் பெயரை எழுதுங்கள்” என்றோம், இருவரும் எழுதினர். “தாயைப் பெற்றவள் பெயர்?” எழுதினர். “அவளைப் பெற்றவள் பெயர்?” இருவர் கையிலும் சுண்ணக்கட்டி நின்றுவிட்டது. மலரில் பாட்டன் படம் உள்ளவனும் இல்லாதவனும் ஒரே இடத்தில் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “வீட்டில் கேட்டு வருகிறோம், ஐயா” என்றார்கள்.

தோழர்களே, நீங்களும் கேட்டுப் பாருங்கள்.