சம்மதம் என்னும் சொல்

சமீபத்தில் நான் ஊன்றிப் படித்த புஸ்தகம் நாவல் அல்ல. 2023ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 18 வயது நிரம்பாத குழந்தையின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அதுவும் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. நல்ல வாசகம். குழந்தைகளின் ஆண்டுவிழாப் படங்களை வாட்ஸப்பில் ஊரெல்லாம் அனுப்பும் நர்சரிக்காரர்கள் அதைச் சுவரில் மாட்டி வைக்கலாம். (விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியப் பிரிவுகள் அமலாக 18 மாதத் தவணை வேறு.)

ஆனால் எண்ணூரில் அங்கன்வாடி வாசலில் நிற்கும் தாயை இந்தப் புஸ்தகத்தில் ஒரு பாத்திரமாக வைத்துப் பாருங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகும் சத்துணவுக்கு முகத்தைப் படம் பிடித்து, 'போஷன் டிராக்கர்' செயலியில் பதிந்த படத்தோடு ஒப்பிட வேண்டுமென்று மத்திய அரசு 2025 ஜூலை முதல் கட்டாயமாக்கியது. மானியமும் சலுகையும் வழங்கும்போது, சில நிபந்தனைகளோடு, அரசு சம்மதம் கேளாமலே விவரங்களைக் கையாள 7ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ராயபுரத்து நர்சரியில் கட்டணம் கட்டும் தாயிடம் கேட்டாக வேண்டும். இவளிடம் கேட்க வேண்டாம்! கேட்டாலும்தான் என்ன? மறுத்தால் மாவு இல்லை என்றால் அது சம்மதமா?

போலிப் பெயரில் மாவு போகாமலிருக்கத்தான் என்பார்கள். நியாயமே. முகம் பொருந்தவில்லை என்று கருவி சொல்லிவிட்டால் அவள் யாரிடம் வாதாடுவாள்? அங்கன்வாடி ஊழியரிடம்தான். அவரோ, பாவம், சிக்னலுக்காகப் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கிறார்.